கார்க்காரருக்கும் ரேஷன் அரிசியா? மூன்று வழிகளை எடைபோட்டுப் பார்த்தல்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது தங்கை வீட்டுக்காரர் ஆரம்பித்து வைத்தார். தெருமுனை ரேஷன் கடையில் ஒருவர் காரை நிறுத்தி இறங்கி, அரிசி மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனாராம். "என் வரிப்பணம்ங்க அது" என்றார். வங்கியில் வேலை பார்ப்பவர், கணக்கில் கெட்டிக்காரர். அவருடைய தீர்வு இரண்டு வரியில் முடிந்தது. ஏழைகளுக்கு மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் அரிசியே வேண்டாம், அதற்குரிய பணத்தை நேராகக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

பெரியம்மா உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டரை நிறுத்தாமலே கேட்டார்: "ஏன் மாப்ள, அந்தக் காரு அவரோடதா, இல்ல அவரு டிரைவரான்னு கேட்டீங்களா?"

பெரியம்மாவின் அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எல்லோருக்கும் அரிசி, ஏழைக்கு மட்டும் அரிசி, அரிசிக்குப் பதில் பணம் என்ற மூன்றில் எது சரி என்பது பார்வைக்குக் கணக்குப் பிரச்சினை போலத்தான் இருக்கிறது. எதில் செலவு குறைவு, எதில் கசிவு குறைவு என்று பார்த்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் சொல்லை நம்புவது, யார் தலையில் விழும் தவறைப் பொறுத்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் ஒவ்வொரு வழியும் கணக்கைத் தொடங்குகிறது. அந்த முடிவு பொருளாதாரக் கணக்கிலிருந்து வருவதில்லை, வேறெங்கிருந்தோ வருகிறது.

கொஞ்சம் பின்னணி. 1997 ஜூனில் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2011 ஜூனிலிருந்து இங்கே அரிசி இலவசம். 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுக்கக் கிராமத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 50 சதவீதம் பேருக்கும்தான் உரிமை கொடுக்கிறது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அதில் சேர்ந்த பிறகும், பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தன் செலவில் அரிசி கொடுத்துவருகிறது. அட்டையின் வகையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அளவு மாறும். மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. கணக்கு வசதிக்காக வீட்டுக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஏழைக்கு மட்டும் என்ற யோசனை. நூறு வீடு உள்ள ஒரு ஊர். முப்பது வீட்டுக்கு அரிசி உண்மையிலேயே தேவை. எல்லோருக்கும் கொடுத்தால் மாதம் 2,000 கிலோ. முப்பதுக்கு மட்டும் என்றால் 600 கிலோ. மிச்சம் 1,400 கிலோவுக்கான பணத்தில் அந்த ஊருக்கு ஒரு நர்ஸ் வரலாம். இந்த வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அரசின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்து பேர் கையேந்தி நிற்கிறார்கள்.

ஆனால் அந்த முப்பது வீடு எவை?

2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அதன்படி நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவு செய்ய முடிந்தவர் ஏழை அல்ல. நாடே கொந்தளித்தது. வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்பது தராசு வைத்து அளக்கிற விஷயம் அல்ல என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. கோடு போட்ட பிறகும் பிரச்சினை தீர்வதில்லை. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கோ பூக்கட்டி விற்பவருக்கோ சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வருமானத்தை விட்டுவிட்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறோம்: மெத்தை வீடு, பைக், நிலம், கரண்ட் பில். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, வீட்டின் மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது. ஒரே மீட்டரில் இரண்டு அடுப்பு எரியும் வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரே அரசு அரிசியை எல்லோருக்கும் கொடுக்கிறது, ஆயிரம் ரூபாயை வடிகட்டிக் கொடுக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியதுதான்.

அரிசியிலும் ஒருமுறை வடிகட்டிப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில், ஜெயலலிதா ஆட்சியில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் அட்டையில் 'ஹெச்' முத்திரை குத்தினார்கள். ஹானரரி, அதாவது கௌரவ அட்டை. அரிசி கிடைக்காது, கௌரவம் மட்டும் கிடைக்கும். பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்ச்சியைப் பாராட்டத்தான் வேண்டும். 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அவருடைய கூட்டணி தோற்றது. சில நாட்களில் முத்திரை வாபஸ்.

பட்டியல் போடும்போது தவறு இரண்டு விதமாக வரும். தேவையில்லாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று, தேவை உள்ளவர் வெளியே விடப்படுவது இன்னொன்று. வலையை இறுக்கினால் முதல் தவறு குறைந்து இரண்டாவது கூடும். தளர்த்தினால் நேர்மாறாக. நம் நூறு வீட்டு ஊரில் அதிகாரிகள் ரொம்ப நேர்மையானவர்கள், பத்துக்கு ஒன்றுதான் தவறவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று வீடு பட்டினி. 1,400 கிலோ மிச்சத்துக்கு மூன்று வீட்டுப் பட்டினி சரியான விலையா? இதற்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் சொல்லாது. மாப்பிள்ளை கணக்குப் போட்டபோது அந்த 1,400 கிலோ கண்ணில் பட்டது, மூன்று வீடு படவில்லை. காரில் வந்து வாங்குகிறவரை எல்லோரும் பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லாததால் கடைக்கே வராதவரை யார் பார்ப்பது? 2017இல் ஜார்க்கண்டில், ஆதார் இணைக்கவில்லை என்று அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் ஒரு சிறுமி இறந்தாள். பட்டினி என்று குடும்பம் சொன்னது, நோய் என்று அரசு மறுத்தது. அந்தச் சர்ச்சை அட்டை நீக்கத்தைப் பற்றி நாட்டைப் பேசவைத்தது.

இந்த இடத்தில் பொருளாதாரத்தின் அடித்தளத்திலேயே உள்ள ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். கேம்பிரிட்ஜில் பிகூ போன்ற பொருளாதார அறிஞர்கள், பணக்காரரிடமிருந்து ஒரு ரூபாய் ஏழைக்குப் போனால் மொத்த நலன் கூடும் என்று நம்பினார்கள். லண்டனில் லயனல் ராபின்ஸ் 1932இல் அதை மறுத்தார். ஒருவருடைய திருப்தியை இன்னொருவருடைய திருப்தியோடு ஒப்பிட அறிவியலில் அளவுகோல் கிடையாது என்றார். தான் இந்த முடிவுக்கு வந்ததற்கு ஒரு கதையையும் பின்னர் குறிப்பிட்டார். அது நம் நாட்டுக் கதை. ஓர் அதிகாரி ஒரு பிராமணருக்கு, எல்லோருடைய இன்பத்தையும் சமமாக எண்ணும் பெந்தாமின் கொள்கையை விளக்குகிறார். அது எப்படிச் சரியாகும் என்று அந்தப் பிராமணர் கேட்கிறார்: அதோ நிற்கிற தீண்டத்தகாதவனைவிட நான் பத்து மடங்கு இன்பம் அனுபவிக்கக்கூடியவன் ஆயிற்றே! தனக்கு அந்தப் பிராமணர்மேல் துளியும் அனுதாபம் இல்லை என்கிறார் ராபின்ஸ். ஆனால் மனிதர்கள் சமம் என்று நான் எண்ணுவதும் அவர் மறுப்பதும் சோதனைச்சாலையில் தீர்க்கக்கூடிய வேறுபாடு அல்ல என்று முடிக்கிறார்.

முதல்முறை படித்தபோது எரிச்சலாக இருந்தது. இவ்வளவு படித்தவர் அந்தக் கேடுகெட்ட வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று. இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். பதில் இல்லை என்று அவர் சொல்லவில்லை, பதில் அறத்திலிருந்து வர வேண்டும் என்கிறார். ஆக, ஏழைக்கு மட்டும் கொடுப்பதே திறமையான வழி என்று ஒரு பொருளாதார நிபுணர் சொல்லும்போது அவர் இரண்டு படகிலும் கால் வைக்கிறார். ஏழையின் பசி பெரிது என்ற அறத் தீர்ப்பை முதலில் எடுத்துக்கொள்கிறார். விடுபட்ட மூன்று வீட்டைப் பற்றிக் கேட்டால், அறம் என் துறை அல்ல என்று நகர்ந்துவிடுகிறார்.

வடிகட்டுவதற்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. ஏழைகளுக்கு மட்டுமேயான சேவை தரத்திலும் ஏழையாகிவிடும் என்ற எச்சரிக்கை பிரிட்டனில் சமூகநல அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. வால்டர் கோர்ப்பி, யோவாகிம் பால்மே என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998இல் பணக்கார நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழைகளைக் குறிவைத்து மட்டும் செலவழித்த நாடுகளைவிட, எல்லோரையும் சேர்த்துக்கொண்ட நாடுகளில் ஏற்றத்தாழ்வு அதிகம் குறைந்திருந்தது. காரணம் எளிது. வாத்தியார் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அரிசி வரும் கடையில் புழுத்த அரிசி போட்டால் மறுநாளே சத்தம் வரும்.

கசிவுக் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. 2011-12இல் நாடு முழுக்க ரேஷன் தானியத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வழியிலேயே மாயமானது என்று பொருளாதார ஆய்வாளர்கள் ழான் த்ரேஸும் ரீதிகா கேராவும் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டில் சுமார் 12 சதவீதம். ஆனால் இந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். கிடங்கிலிருந்து எடுத்த அளவிலிருந்து, வீடுகள் சாப்பிட்டதாகச் சொன்ன அளவைக் கழிக்கிறார்கள், மிச்சம் கசிவு. ஒரு வீடு அரிசியை வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் அது எந்தப் பக்கம் சேரும்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பணம். பாடப்புத்தகத்தில் இது ஒரே படத்தில் முடிந்துவிடும். பணம் கையில் இருந்தால் அரிசியும் வாங்கலாம், மருந்தும் வாங்கலாம். அரிசி கையில் இருந்தால் அரிசி மட்டும்தான். ஆகவே பணம் ஒருபோதும் தாழ்ந்ததாக இருக்க முடியாது. மாதம் நாற்பது கிலோ சமைக்கிற வீட்டுக்கு இரண்டும் ஒன்று, இருபது கிலோவுக்கும் குறைவாகச் சமைக்கிற வீட்டுக்குப் பணமே மேல். இந்த வாதத்தில் ஒரு மரியாதையும் இருக்கிறது. உனக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியும், நான் யார் சொல்ல? ஏழைக்குப் பணம் கொடுத்தால் ஆண்கள் குடித்து அழிப்பார்கள் என்று பேசுகிறவர்களைவிட இந்தப் பாடப்புத்தகம் எனக்குப் பிடிக்கும். அந்தக் குடிப் பேச்சுக்கு ஆதாரமும் குறைவு. டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா இருவரும் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு பொதுவாகக் கூடியதாகத் தெரியவில்லை.

சிக்கல், அந்தப் படம் வரைவதற்கு முன் நாம் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்ட விஷயங்களில் இருக்கிறது. விலை மாறாது. கடை பக்கத்தில் இருக்கிறது. பணம் வந்த அன்றே கைக்குக் கிடைக்கும். ராஞ்சிக்குப் பக்கத்தில் நக்ரி என்ற வட்டாரத்தில் 2017 அக்டோபரில் இது சோதிக்கப்பட்டது. அதுவரை கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கியவர்கள், மானியத்தை வங்கியிலிருந்து எடுத்துவந்து அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு வாங்க வேண்டும். பணம் வந்ததா என்று பார்க்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அரிசிக்கு ஒரு நடை. ஒரு நாள் கூலி போனால் அந்த மாத மானியத்தில் ஒரு பங்கு போயிற்று. ஏறக்குறைய எல்லோரும் எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். விலை விஷயத்தில், மெக்சிகோ கிராமங்களில் சீமா ஜெயச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தது முக்கியமானது. உணவுப் பொருளாகவே கொடுத்த கிராமங்களில், பணம் கொடுத்த கிராமங்களைவிட உணவு விலை கொஞ்சம் தணிந்தது. ஒதுக்குப்புறக் கிராமங்களில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதாவது இலவச அரிசி, வாங்காதவருக்கும் சந்தை விலையைக் குறைத்துக் கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் இன்னொன்று. 2011இல் ரீதிகா கேரா ஒன்பது மாநிலங்களில் மக்களிடம் நேரடியாகக் கேட்டார்: அரிசியா, பணமா? மூன்றில் இரண்டு பங்கினர் உணவுப் பொருளே வேண்டும் என்றார்கள். கடை ஒழுங்காக நடந்த இடங்களில் அரிசி, பிஹார்போலக் கடை நடக்காத இடத்தில் பணம் என்று தெளிவாகப் பிரிந்து நின்றார்கள். ஆனால் பொருளாதாரத் துறைக்கு இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் பழைய சந்தேகம் உண்டு. வாயால் சொல்வதை நம்பாதே, கடையில் எதை எடுக்கிறார் என்று பார் என்பது அதன் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடையே மூடப்படுமா என்ற கேள்வியில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? உனக்கு எது நல்லது என்று உனக்கே தெரியும் என்று பணத்துக்காக வாதாடுகிறவர், அந்த ஆள் அரிசி என்று சொன்னால் மட்டும் ஏன் காது கொடுப்பதில்லை?

பெரியம்மாவிடம் கேட்டேன். "பணம் இந்த வருசம் ஆயிரம்னா அடுத்த வருசமும் ஆயிரம்தான் இருக்கும். இருவது கிலோ எப்பவும் இருவது கிலோ" என்றார். விலைவாசிக்கேற்ப மானியத்தை உயர்த்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று நூறு பக்க அறிக்கைகள் பேசுவதை எடைக்கல்லை வைத்துச் சொல்லிவிட்டார். பக்கத்துப் புதுச்சேரியில் இது நடந்தும் பார்த்தாகிவிட்டது. 2015இல் அரிசிக்குப் பதில் பணம் என்று தொடங்கி, துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் அரிசியா பணமா என்று சண்டை முற்றி, நீதிமன்றம் வரை போய், கடைகள் பூட்டிக் கிடந்து, 2024இல் மறுபடி திறந்தார்கள்.

அதற்காகப் பணம் எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன். மகளிர் உரிமைத் தொகை அரிசியைப் பிடுங்கிக்கொண்டு வந்ததல்ல, அரிசிக்கு மேலே வந்தது. பெண்ணின் பெயரில், பெண்ணின் கணக்கில். அது வேறு பேச்சு.

எல்லோருக்கும் அரிசி என்ற வழியின் அழுக்கையும் சொல்லிவிட வேண்டும். ரயிலிலும் வேனிலும் கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் கடத்தப்படும் ரேஷன் அரிசி பிடிபடுவது வாராந்தரச் செய்தி. கோழிக்குப் போடுகிறார்கள் என்பதும் பொய்யல்ல. சாதத்தை மட்டும் மலிவாக்கிவிட்டு, உடம்புக்கு வேண்டிய மற்றதை விலைக்கு விட்டுவிடுகிறோம். 2007இலிருந்து பருப்பும் பாமாயிலும் சேர்ந்தது ஆறுதல். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல யோசனை. ரேகை விழாத கிழவிகள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை விரலைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்பது மட்டும் எந்த வழியிலும் மாறப்போவதில்லை போலிருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகும் என் ஓட்டு எல்லோருக்கும் அரிசி என்பதற்கே. வேண்டாதவர் தானாக விலகும் கதவு ஏற்கனவே இருக்கிறது. சர்க்கரை அட்டைக்கு மாறலாம், எந்தப் பொருளும் வேண்டாத அட்டைக்கும் மாறலாம். விலகுகிறவர் ஒரு விண்ணப்பம் போட்டால் போதும். வடிகட்டும் முறையில், தான் ஏழை என்று நிரூபிக்கும் வேலை ஏழையின் தலையில் விழுகிறது. அதற்கு நேரமும் காகிதமும் வாய்ச்சாலகமும் குறைவாக இருப்பவர் அவர்தான். நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற ஒரு விஷயத்திலேயே என் முடிவு நிற்கிறது. உள்ளூர்ப் பேருந்தில் பெண்களுக்கு 2021இலிருந்து இருக்கும் இலவசப் பயணமும் இப்படித்தான். ஏறுகிறவரிடம் கண்டக்டர் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, கார் வைத்திருக்கிறவர் பெரும்பாலும் ஏறுவதில்லை.

ஆனால் 'எல்லோருக்கும்' என்ற சொல்லை நானும் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்திவிட்டேன். அட்டை இருக்கும் எல்லோருக்கும் என்பதுதான் உண்மை. அட்டைக்கு முகவரி வேண்டும். திருப்பூரில் தறி ஓட்டும் ஒடிசா பையனுக்கு, சொந்த ஊர் அட்டையை இங்கே காட்டி வாங்க 2020 அக்டோபரிலிருந்து வழி இருக்கிறது. ஊரிலேயே பெயர் விட்டுப்போயிருந்தால் அவருக்கு மூன்று வழியும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம், உங்கள் அட்டை எந்த வகை என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். அரிசி அட்டைதானாம். "நாங்க சாப்பிடறதில்ல மச்சான், வேலைக்கு வர்ற அக்காகிட்ட கொடுத்துடறோம்." அவர்களுக்கு அட்டை இல்லையா என்றேன். தங்கைதான் பதில் சொன்னாள்: "வாடகை வீடு. அட்ரஸ் ப்ரூஃப் தர மாட்டேங்கிறாராம் ஹவுஸ் ஓனர். மூணு வருசமா அலையறாங்க."

த்ரேஸ், கேரா கணக்கில் அந்த அரிசி கசிவில்தான் சேரும். மாப்பிள்ளை இன்னும் சர்க்கரை அட்டைக்கு மாறவில்லை. மாறச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.